வளைவு முடியும் வரை

ஆறு பத்துக்கு இன்னும் விடியவில்லை.
வேனில் பதினோரு பிள்ளைகள்.
ஒருத்தி தூக்கத்தில் தன் ரிப்பனை மெல்கிறாள்.
பின்கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம்.
வந்துவிட்டான்.

முகம் தெரியாது. ஹைலக்ஸோ, மைவியோ,
என் பம்பருக்கும் அவன் மூக்குக்கும் நடுவே
ஒரு புத்தகப்பை வைக்க இடமில்லை.
விளக்கை ஏற்றி ஏற்றி இறக்குகிறான்
பிடரியில் விரலால் தட்டுவது மாதிரி.
ஹாரன்.
மறுபடி ஹாரன்.

ஒதுங்கிவிடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.
லைசென்ஸ் வகுப்பில் மிஸ்டர் டான் சொன்னார்,
பைத்தியத்தோடு மல்லுக்கு நிற்காதே என்று.
வீட்டுக்காரர் சொன்னார்.
சம்மன் எழுதும் சார்ஜனும் சொன்னார்.
நானும் ஒதுங்குகிறவளாகத்தான் இருந்தேன்
போன செப்டம்பர் வரை.

அன்றைக்கும் இதே நேரம், இதே பழைய சாலை,
இரண்டு பக்கமும் செம்பனை.
மில்லுக்குப் போகும் லோரிகள் சிந்திய பழம்
தாரில் நசுங்கி வழுக்கும் இடம்.
இடது சிக்னல் போட்டேன்.
புல்லில் இரண்டு டயரை இறக்கினேன்.
கண்ணாடியை இறக்கிக் கையை வேறு நீட்டினேன்:
போ ராஜா, போ.

போனான்.
இரட்டைக் கோட்டைத் தாண்டி, வளைவுக்குள்.

சத்தம் பெரிதாக இல்லை.
ரப்பர்க்கொட்டை வெடிப்பதைவிடக் கொஞ்சம் கூட.
அப்புறம் ஒரு மோட்டார் சக்கரம்
யாருக்கும் இல்லாமல் சுற்றுகிற ஓசை.

ராக்காவல் முடிந்து வந்துகொண்டிருந்த அடைக்கலம்.
ஹேண்டிலில் மாட்டியிருந்த ரொட்டி சானாய்.
பொட்டலம் உடைந்து, அவர் சட்டையில்
எது பருப்புக் குழம்பு, எது மற்றது என்று
டார்ச் அடித்தும் தெரியவில்லை.
பிள்ளைகளைத் திரை இழுத்துவிடச் சொன்னேன்.
என் வேனில் திரையே கிடையாது.

ஆம்புலன்ஸ் தெலுக் இந்தானிலிருந்து வர வேண்டும்.
நாற்பது நிமிடம்.
இடித்தவன் கால்வாயோரம் உட்கார்ந்து
ஒற்றைச் செருப்போடு அழுதான்.
இருபத்தாறு வயதிருந்தால் அதிகம்.
எங்கேடா இவ்வளவு அவசரமாக, என்று கேட்டேன்.
"பசியாற, அக்கா" என்றான்.

அடைக்கலம் பிழைத்துக்கொண்டார்.
முட்டிக்குக் கீழே இரும்பு. வேலை போயிற்று.
இப்போது மச்சான் கடையில்
ஒரு நாற்காலியில் காலை நீட்டி வெங்காயம் உரிக்கிறார்.
என்னைக் கண்டால் எழுந்திருக்கப் பார்ப்பார்.
"இந்தப் பொண்ணு போன் போடலேன்னா
நான் இன்னிக்கு இல்ல" என்பார், மீ கோரேங்குக்குக் காத்திருப்பவர்களிடம்.
தே ஓவுக்குக் காசு கொடுக்க விடமாட்டார்.
குடித்துவிட்டு வருகிறேன்.
கையை நீட்டி அவனை அனுப்பி வைத்ததும் நான்தான் என்பதைக்
கரையாத சீனியோடு அடியில் விட்டுவிட்டு.

அதனால், பின்னால் வருகிறவனே,
இப்போதைக்கு வழி கிடையாது.
நாற்பதில்தான் போவேன், நடுக்கோட்டை உரசிக்கொண்டு.
என் அம்மாவை என்ன வேண்டுமானாலும் சொல்,
அவள் செத்து ஆறு வருஷமாகிறது.
ஹாரனை அமுக்கு. பேட்டரி உன்னுடையது.

"ஆன்ட்டி, அவரு ரொம்பக் கோவமா இருக்காரு"
என்கிறான் கடைசி சீட்டுக் கவிலாஷ்.
இருக்கட்டும்டா.
ஸ்டியரிங்கில் என் கை வியர்த்து வழுக்குவது
அவனுக்குத் தெரியாது.
முனீஸ்வரர் சூலம் வரட்டும்,
அதில் குத்திய எலுமிச்சை வெளிச்சத்தில் தெரியட்டும்,
அதுவரை.

எதிரே ஒற்றை விளக்கு.
பின்னால் காஸ் தோம்பு கட்டிய மோட்டார்.
ஓட்டுகிறவர் ஹெல்மெட்டின் கொக்கியைப் போடவில்லை,
வாய் நிறையக் கொட்டாவி.
நம் இருவரையும் கடந்து
அவர் பாட்டுக்குப் போகிறார்.

சிக்னல் போடுகிறேன்.
புல்லில் இரண்டு டயர்.
இனிமேல் நேர்ச்சாலைதான்.
போ,
போய்ப் பசியாறு.