ஆழம் ஐந்தரை அடி

முதலில் கல் வெட்டிய பள்ளம்.
நடுவில் பன்னிரண்டு வருடம் நகராட்சி நீச்சல் குளம்,
டிக்கெட் ஐந்து ரூபாய்.
பெண்களுக்குச் செவ்வாய் மதியம் இரண்டிலிருந்து மூன்று,
கிருஷ்ணகிரி வெயிலில்.

நானும் ஷம்ஷாத்தும் சுடிதாரோடு இறங்கினோம்.
துப்பட்டாக்கள் மிதந்தன, நாங்கள் மூழ்கினோம்.
காவலாளி மாதையன்
சுவரைப் பார்த்து நின்றபடியே விசில் ஊதினார்.
நீச்சல் வந்ததா என்று கேட்காதீர்கள்.

மழை பொய்த்த வருடம்
டேங்கர்கள் வந்து உறிஞ்சிப் போயின.
அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருச் சோற்றில்
குளோரின் வாசம்.

அப்புறம் கிரானைட் கழிவு கொட்டி மூடினார்கள்.
இப்போது மாங்காய் லாரிகள்.

ஒரு மூலையில் மட்டும் நீல ஓடு:
‘ஆழம் ஐந்தரை அடி’.
அதன்மேல் குந்தியிருக்கும் டிரைவர்
பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புகிறார்.
நிற்கவில்லை ஒரு சொட்டும்.