பதினான்காம் அறையின் திரைச்சீலை

ஹென்னிங் ஐயா,
நான் ஜுல்மிரா. உங்கள் படுக்கையை விரித்தவள்.
நீங்கள் போய் நாற்பது நாள் கழித்து
திரைச்சீலையைத் துவைக்கக் கழற்றினேன்.
கீழ்மடிப்பில் ஏதோ மொடமொடத்தது.
பிரித்தேன்.
ஐம்பது யூரோ நோட்டுகள், பன்னிரண்டு.
நீல நூல். எங்கள் ஓட்டல் சும்மா தருகிற
ஊசிப் பொட்டலத்தின் அதே நீலம்.
தையல் மட்டம்தான்,
ஆனால் ராத்திரி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேப் வெர்டேயிலிருந்து வந்து
இருபத்திரண்டு வருடமாய் லிஸ்பனில் அறை பெருக்குகிறேன்.
நீங்கள் எல்லாரும் ஒளிக்கும் இடம் எனக்கு அத்துப்படி.
காலுறைக்குள் காலுறை,
கழிவறைத் தொட்டியின் மூடிக்கு அடியில் நெகிழிப் பை,
ஒருமுறை குழந்தையின் டயப்பருக்குள்
(புதிய டயப்பர், நல்லவேளை).
தூசி தட்டுவேன்,
இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு
கதவைச் சாத்துவேன்.

அன்று காலை வரவேற்பு மேசையில் கத்தினீர்களே:
இருபத்தெட்டாம் எண் டிராம்,
இடித்துக்கொண்டு நின்றான் ஒருத்தன்,
மாநிறம், சிவப்புத் தொப்பி.

அந்தத் தொப்பி எனக்குத் தெரியும்.
மொஃபிசுல்.
மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தில்
ஃபிரிட்ஜில் ஒட்டும் மத்தி மீன் பொம்மை விற்பவன்.
ஒரு மழைநாளில்
காசு பிறகு கொடுங்கள் என்று எனக்குக் குடை தந்தவன்.
இரண்டு இரவு வைத்திருந்தார்கள்.
பையைக் கொட்டினால்
முப்பத்தொரு யூரோ, பதினாறு மீன்.

டிராமில் திருடர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன்.
என் தங்கையின் பர்ஸ் அதில்தான் போனது.
ஜாக்கிரதை என்று ஆறு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது.
மறதிக்கு
ஒரு மொழியிலும் இல்லை.

அறுநூறு யூரோவை இடுப்பில் சுற்றிக்கொண்டு
அதே டிராமில் ஏறினேன்.
காவல் நிலையத்துக்கு நாலே நிறுத்தம்.
மடியில் கனம் என்கிறார்களே,
அது வயிற்றில் அல்ல, கண்ணில் ஏறுகிறது.
கிழவரின் முழங்கை,
கிதார் தூக்கிய பெண்ணின் விரல்கள்,
கைப்பிடிக் கம்பியில் எத்தனை கை, கம்பியில் இல்லாதது எத்தனை
என்று எண்ணிக்கொண்டே போனேன்.
வளைவில் வண்டி குலுங்கி
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் என்மேல் சாய்ந்தான்.
மன்னிக்கணும் அம்மா என்றான்.
அவனை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயா,
அது உங்களுடையது.

காவலர் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் அளந்தார்.
பிறகு எழுதினார், முத்திரை குத்தினார்.
பணம் உங்களுக்கு வந்துசேரும்.
அந்தப் பையன்? என்று கேட்டேன்.
அப்போதே விட்டுவிட்டோமே என்றார்,
விட்டதோடு முடிந்துவிட்டது போல.

சதுக்கத்தில் அவன் இடத்தில்
யாரோ செல்ஃபி குச்சி விற்கிறான்.
போர்ட்டோ போய்விட்டான் என்கிறான்.
இல்லை, ஸ்பெயின் என்கிறான் பக்கத்துக் கடைக்காரன்.

திரைச்சீலையை மறுபடி மாட்டியாயிற்று.
பிரித்த அளவுக்கு மட்டும் வெள்ளை நூல்,
மிச்சம் உங்கள் நீலம்.
உள்ளே ஒன்றுமில்லை.

நேற்று நல்ல மழை.
கொடுக்க வேண்டிய ஐந்து யூரோவைக்
கைப்பிடியில் ரப்பர் போட்டுக் கட்டி
குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.
நனைந்துகொண்டே வேலைக்கு வந்தேன்.