எள்ளளவு

ஹென்னிங் அவர்களே,
வெப்பப் பம்பு வேலை செய்கிறது.
அதில் சண்டை இல்லை.
ஓல்டன்பர்க்கில் மைனஸ் ஏழு;
வீட்டுக்குள் பூனை
உருகிய வெண்ணெயாய்க் கிடக்கிறது.

ஆனால் இரவு இரண்டு இருபதுக்கு
வெளியே தகர மூடி நடுங்குகிறது,
டொக், பிறகு டொக்டொக்,
அளவு பொருந்தாத பல்செட்டு மாதிரி.

"எள்ளளவுக் குறை" என்கிறீர்கள்.
எள்ளளவுதான்.
எள்ளுக்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது,
நூலகத்தில் இரண்டு மதியம் உட்கார்ந்து
அதை நானும் படித்தேன்.
இரண்டு வரி கீழே
விலையைக் குறைக்கச் சொல்லலாம் என்றும் இருந்தது.
நீங்கள் முதல் வரியோடு
புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

கடைசித் தவணையில்
நானூறு யூரோவை நிறுத்திவைத்திருக்கிறேன்.
கோபம் இல்லை.
பாலாடைக்கட்டிக் கடையில்
முப்பத்தொரு வருடம் தராசடியில் நின்றவள்.
பத்து கிராம் குறைந்தால்
பத்து கிராம் வெட்டி வைப்பேன்;
"தின்ன முடிகிறதல்லவா" என்று
யாரையும் கேட்டதில்லை.

ஒரு ரப்பர் வளையம், ஒரு திருகாணி,
உங்கள் பையனின் பத்து நிமிடம்.
செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். காபி உண்டு.
அதுவரை
தினமும் இரண்டு இருபதுக்கு
உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
வீப்கெ ஹார்ம்ஸ்
(பூனைக்கும் தூக்கம் கெடுகிறது)