மூன்றேகால் அங்குலம்

தப்பு செவ்வாய் இரவே நடந்துவிட்டது.
தெரிந்தது சனிக்கிழமை காலை,
டலூத்தில், தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில்,
மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு
முதல் உறையில் மாதிரிக்கு ஓர் அட்டையைச் செருகியபோது.
நுழையவில்லை.

காப்பிக்கடை தந்தாலும் ஆணிக்கடை தந்தாலும்
பரிசு அட்டை எல்லாம் ஒரே அளவு.
அதற்குப் பை மூன்றரை அங்குலம் வேண்டும்.
என் பை மூன்றேகால்.
ஒன்றல்ல, நாற்பது.
நாற்பதும் நூல் பிசகாமல்
அதே தப்பு.

மற்றபடி குறை சொல்ல முடியாது.
பழுப்புத் தாள், எலும்புத் தகட்டால் அழுத்திய மடிப்பு,
உள்ளே ஏரி நிறத்தில் ஒட்டுத்தாள்,
மூடியில் துளைக்கருவி வெட்டிய பிர்ச் இலை,
சணல் முடிச்சு,
மேலே கண்ணாடித்தாள் உறை,
அதன் வாயில் ஒரு சொட்டுப் பசை,
ஒரு சொட்டுதான்; இரண்டென்றால் பிரிக்கும்போது கிழியும்.

பக்கத்து மேசை ஆர்லீன் கிவெலா
தன் கம்பளிக் கையுறையை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள்:
“இது கொடுக்கும். உன் காகிதம் கொடுக்காது.”
ஆறுதலாகச் சொன்னதாக அவள் நினைப்பு.

பெட்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.
பனிக்காலணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
ஒரு பையன் வந்து நின்றான்.
பதினான்கு இருக்கலாம். காதெல்லாம் சிவப்பு.

“ஏன் எடுத்து வைக்கிறீர்கள்?”
“அட்டை போகாது.”
“எந்த அட்டையுமா?”
“எதுவும்.”
“நிச்சயமாகவா?”
ஒன்றை வாங்கித் தன் பேருந்து அட்டையை நுழைத்துப் பார்த்தான்.
முகம் மலர்ந்தது.
“எவ்வளவு?”

அக்காவுக்காம்.
போன வருடம் அவள் இவனுக்கு ஐம்பது டாலர் அட்டை தந்தாளாம்.
இவனிடம் இப்போது இருப்பது நாலு.
“காலி உறை கொடுத்தால் நான் கஞ்சன்.
நுழையாத உறை என்றால்
தப்பு உங்களுடையது.”

பின்பக்கம் அதை எழுதித் தரச் சொன்னான்.
எழுதினேன்:
இதில் எந்த அட்டையும் நுழையாது.
பிழை என்னுடையது. மார்லிஸ் ஓஃப்டெடால்.
ரசீதைச் சரிபார்ப்பவன் மாதிரி படித்தான்.
தேதியும் போடச் சொன்னான்.

மூன்று டாலர் உறையை இரண்டுக்குக் கொடுத்தேன்.
மிச்ச இரண்டையும் ஆர்லீனின் தட்டில்
இலவங்கப்பட்டை ரொட்டிக்குச் செலவழித்துவிட்டு
நக்கிய விரலைக் காற்சட்டையில் துடைத்து
உறையை உட்பையில் வைத்துக்கொண்டான்.
உள்ளே என்ன வைப்பாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
உறை செய்கிறவளுக்கு
உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை கிடையாது.

அப்புறம் மிச்சம் முப்பத்தொன்பதிலும் எழுதினேன்.
மணிக்கட்டு விண்விண்ணென்றது.
ஓர் அம்மாள் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.
ஒருவர் சிரித்துச் சிரித்து, வாங்காமல் போனார்.
ஒருவர் சிரிக்கவே இல்லை, ஆறு வாங்கினார்.
மூன்று மணிக்குக் காப்பி தீர்ந்தது.
நாலு மணிக்கு என் மேசையில் பதினேழு.

வீட்டில் மரஅளவுகோலை விளக்கில் பிடித்தேன்.
கதவிடுக்கில் சிக்கி அதன் முனை பிளந்ததும்
நானே அதைச் சீவி நேராக்கியதும்
அப்போதுதான் நினைவு வந்தது.
கால் அங்குலம்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
எண்ணெய்கூடப் பூசியிருக்கிறேன்,
புது முனை போலவே இருந்தது.

அதன் முதுகில் நாடா ஒட்டி
ஒன்றிலிருந்து அளக்கவும் என்று எழுதினேன்.
பிறகு கோட்டைக் கழற்றினேன்.
கைமடிப்பிலிருந்து
ஒரு பிர்ச் இலை விழுந்தது,
துளைக்கருவி வெட்டித் தள்ளியது,
நகத்தளவு.
அந்தப் பைக்கு அது தாராளம்.