கறுப்பி

குதைபியாவில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடி
டிஷ் ஆன்டெனாக்களுக்குச் சொந்தம்.
நடுவில் ஆறடிக்கு நாலடி மட்டும்
வாட்ச்மேன் ஷகாபுதீன் விட்டுக்கொடுத்தான்,
மாதம் ஒரு கட்டு முளைக்கீரைக்கு.
ஒப்பந்தம் அவ்வளவுதான், கையெழுத்து இல்லை.

டிரம்மில் முன்பு கார் கழுவும் சோப்பு இருந்தது.
இரவல் டிரில்லால் ரோவெனா துளை போட்டாள்,
நான் அலைபேசி வெளிச்சம் பிடித்தேன்.
டீக்கடைச் சக்கை, முட்டை ஓடு, வெங்காயச் சருகு,
ஒட்டுநாடா உரித்த அட்டைப்பெட்டி.
குழாய்த் தண்ணீர் கரிக்கும்;
நாலாம் மாடி ஏசி சொட்டுவதைப் பிடித்து ஊற்றினோம்.
யார் யாரோ தூங்கிய குளிர்
வாளி வாளியாக.

"எதைப் போட்டாலும் தின்கிறதே, பன்றி மாதிரி" என்றேன்.

ரோவெனா நிமிர்ந்து பார்த்தாள்.
"எதைப் போட்டாலும் தின்பது பன்றியின் குற்றமில்லை.
போடுகிறவரின் குற்றம்."

அவள் தீவில் அவளுக்கு ஐந்து இருந்தன.
நாட்டு இனம். கறுப்பு. முதுகில் பள்ளம்,
வயிறு மண்ணைத் தொடும்.
பண்ணைக்காரர்கள் வெள்ளை இனத்துக்கு மாறிய வருடம்
இவள் முதல் சம்பளத்தில் ஒரு கிடாயும் இரண்டு பெட்டையும் வாங்கினாள்,
இங்கிருந்தே, பார்க்காமலே.
வாழைத்தண்டு, மரவள்ளி, கங்குன் கீரை.
ஓட்டல் எச்சில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது.
ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
தாய்க்கு முழு ஓய்வு.
"எனக்குக் கிடைப்பதைவிட அதிக லீவு" என்று சிரித்தாள்.
அவளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

லிஃப்டில் பக்கத்து வீட்டார் வருவார்கள்,
அந்தச் சொல்லை அங்கே சொல்வது மரியாதை இல்லை.
அதனால் டிரம்முக்குக் கறுப்பி என்று பெயர் வைத்தோம்.
டிரம் நீலம்.
"கறுப்பி சாப்பிட்டாச்சா?"
மூன்றாம் மாடி அம்மாள்
எங்களிடம் பூனை இருப்பதாக நம்பினாள்.

ஜூலையில் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானியைக் குத்தினோம்.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே அறுபத்தாறு.
கறுப்பிக்குக் காய்ச்சல், நல்ல காய்ச்சல்.
யாரோ ராத்திரி கோழி எலும்பைக் கொட்டிவிட்டுப் போக
நாற்றம் படியிறங்கிற்று.
ஷகாபுதீன் துண்டால் மூக்கைப் பொத்தி வந்தான்,
எதுவும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.
எலும்பைத் தோண்டியெடுத்து
தச்சுப்பட்டறை மரத்தூளை இரண்டு மூட்டை கொட்டினோம்.
நாற்றம் ஒரு கணக்குப் பிழை என்று அன்று தெரிந்துகொண்டேன்:
பச்சை கூடிவிட்டது, காய்ந்தது குறைந்துவிட்டது.

அக்டோபரில் தங்கையின் அழைப்பு வந்தது.
பக்கத்துத் தோட்டக்காரர் ஓட்டல் எச்சிலை
வேகவைக்காமல் ஊற்றியிருக்கிறார்.
அவர் பன்றிகளுக்கு நோய்.
அதிகாரிகள் அந்த வீட்டைச் சுற்றி
வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டார்கள்.
ரோவெனாவின் ஐந்தும், புதுக் குட்டிகள் ஒன்பதும்
வட்டத்துக்குள் இருந்தன.
ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை.

தங்கை கேமராவைத் தென்னையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.
படத்தில் ஓலை மட்டும் அசைந்தது.
சத்தம் வந்தது.
ரோவெனா ஒலியைக் குறைக்கவில்லை.
நிவாரணப் படிவத்தில்
'இனம்' என்ற கட்டத்துக்கு எதிரே
'சாதாரணம்' என்று யாரோ எழுதியிருந்ததை
இரண்டு நாள் கழித்துக் காட்டினாள்.

அன்று டிரம்மைக் கவிழ்க்க வேண்டிய நாள்.
நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.
அவள் ஏற்கெனவே கையுறை போட்டிருந்தாள்.
பழைய மேசை விசிறியின் கம்பி வலையில் சலித்தோம்,
கறுப்பாக, ஈரமாக, மழை வாசனையாக
மண் விழுந்துகொண்டே இருந்தது.
கறுப்பி எல்லாவற்றையும் செரித்துவிடும்,
பேரீச்சங்கொட்டையை மட்டும் துப்பிவிடும்.
வலைமேல் தங்கியவற்றை ரோவெனா
ஒவ்வொன்றாகத் துடைத்து
கைப்பிடிச் சுவர்மேல் அடுக்கினாள்.
பதினாலு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.
வலையில் இன்னும் நிறைய இருந்தன.

ஒன்றாம் தேதி ஷகாபுதீன் கீரைக்கு வந்தான்.
கட்டு சின்னதாக இருக்கிறதே என்றான்.
ஆமாம் என்றேன்.