அகலம்

இரவு ஒன்றே கால். கம்பம் ஆஸ்பத்திரி லேப்.
குழாயில் ஒட்டிய பெயர் ஒச்சம்மாள், நாற்பத்தொன்று,
ஏலக்காட்டுக் கூலி.
களைக்கொத்து காலில் பட்டு ஐந்து நாளாம்.
காய்ச்சல்கூட இல்லை, உடம்பு சில்லென்றிருக்கு,
கொஞ்சம் உளறுது என்றான் வார்டு பையன்.

வெள்ளையணு எண்ணிக்கை எட்டாயிரத்து நூறு.
குற்றம் சொல்ல முடியாத எண்.
அதற்குக் கீழே, யாரும் படிக்காத வரியில்
மோனோசைட் அகலம் இருபத்தொன்பது.

விடியலில் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில்
தலை எண்ணினால் தினமும் பதினாறுதான்.
எந்தக் கால் வீங்கியிருக்கிறதென்று
எண்ணுகிறவனுக்குத் தெரியாது.

கண்ணாடியில் ஒரு சொட்டு இழுத்து, சாயம் ஊற்றிப் பார்த்தேன்.
ஊதிப்போனதும் ஊதாததுமாய் நெருக்கியடித்துக்கொண்டு அணுக்கள்.
இடையில் உட்கரு இன்னும் பிரியாத பிஞ்சுகள்,
வேலைக்கு வயசு ஆகாததுகள்,
எலும்புக்குள்ளிருந்து எழுப்பிக் கூட்டிவந்ததுபோல.

டாக்டர் ஜிஷாவை எழுப்பினேன்.
"கவுண்ட் நார்மல்தானே?"
அகலத்தைச் சொன்னேன்.
போனில் கட்டில் கிரீச்சிட்டது.
"கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து வைங்க. வர்றேன்."

செப்சிஸ் என்று நான் சொல்லவில்லை,
சொல்வது என் வேலையும் இல்லை.
எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

நாலு மணிக்கு ரோட்டில் ஜீப் ஹாரன்.
"ஒரு தலை குறையுதே" என்று ஒரு குரல்.