பதினேழு உறைகள்

பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள்.
சிலோயே தீவில் பிப்ரவரி மழை.
சமையல் மேசையில் பதினேழு உறைகள்.
முத்திரைக்காக, பாதியாய் நறுக்கிய
ஊதா உருளைக்கிழங்கில்
ஒரு திமிங்கிலம் செதுக்கினேன்.
பன்றி மாதிரி இருக்கிறதாம்,
கணவர் சொன்னார்.

ஒவ்வொரு உறைக்குள்ளும்
வரைபடத்தில் கிழித்த ஒரு துண்டு,
எண்ணே இல்லாத ஒரு மரப் பகடை,
கூடவே ஒரு வரி:
"மார்ச் ஐந்து, கப்பல் புறப்படும்.
யாரிடமும் காட்டாதே."

காட்டுவார்கள். அதற்குத்தானே எழுதினேன்.

தபால் படகு போன மறுநாளே
லெமுய் தீவிலிருந்து மிரெயாவின் அம்மா:
"டீச்சர், இவள் தூங்கவே இல்லை.
அக்கரைப் பையனிடம் இருக்கும் துண்டு வேண்டுமாம்,
படகை அவிழ்க்கப் போகிறாள்."

நிவால்டோவின் உறைதான்
கடைசிவரை ஒட்டாமல் கிடந்தது.
போன வருடம் தோற்றவன்.
அதே வகுப்பு, அதே பெஞ்சு,
இந்த முறை பக்கத்தில் தம்பி.
மதிப்பெண்ணைப் புள்ளி என்று மாற்றிச் சொன்னால்
அவனுக்குத் தெரியாதா என்ன?
இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பிறகு:
"இந்தக் கடலில் ஏற்கெனவே போனவன் நீ ஒருவன்தான்.
பாறை எங்கே என்று உனக்குத்தான் தெரியும்.
சுக்கானைப் பிடி."

பதில் இல்லை.

நேற்று படகோட்டி
நனைந்த சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார்,
அவனுக்கு அனுப்பிய பகடையை.
ஆறு பக்கமும் கத்தியால் குடைந்திருந்தான்.
ஆறிலும் ஒன்று.

கோபமா, விளையாட்டா,
தெரியவில்லை.
உருட்டினேன்.
ஒன்று.
ஒரு கட்டம் நகர்ந்தேன்.